வண்டி கைமாறியது, பெயர் மாறவில்லை

2023 ஜனவரியில் ஒரு மாலை, கல்லூரியிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காத நேரத்தில், தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நீளமான பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். திருச்சியில் இருக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த அழைப்பாணை அது. மனுதாரர் ஒரு கொத்தனார். 2022 ஆகஸ்டில் சாலையைக் கடக்கும்போது ஒரு ஸ்கூட்டர் மோதி அவருடைய வலது கால் முறிந்திருக்கிறது. முதல் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரும், என் தந்தையின் பெயரும், என் வீட்டு முகவரியும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன. இரண்டாம் எதிர்மனுதாரர் ஒரு காப்பீட்டு நிறுவனம். கீழே எழுதியிருந்த பதிவெண்ணை இரண்டு முறை படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அது 2021 மார்ச்சில் 38,000 ரூபாய்க்கு நான் விற்றுவிட்ட ஸ்கூட்டர்.

விற்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடை ஒன்றில் இரும்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, விலை பேசி முடித்து, மேசை இழுப்பறையிலிருந்து அச்சிட்ட தாள்களை எடுத்து வைத்தார். "மேடம், 29, 30 ரெண்டுலயும் பென்சில்ல டிக் போட்டிருக்கிற இடத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. பேர் மாத்துறதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார். தாள்களில் வாங்குபவர் பெயர் எழுதவேண்டிய இடம், தேதி, முகவரி எல்லாமே வெறுமையாக இருந்தன. ஆறேழு கையெழுத்துகள் போட்டிருப்பேன். பதிலுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு டெலிவரி நோட்டின் கார்பன் படி கிடைத்தது. "இன்று முதல் இவ்வண்டியால் ஏற்படும் அனைத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு" என்று அதில் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன்.

அழைப்பாணை வந்த மறுநாள், நீதிமன்ற ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் அந்தக் கார்பன் படியை எடுத்துக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்துவிட்டு, "இது உனக்கும் கடைக்காரனுக்கும் நடுவுல உள்ள கணக்கும்மா. அடிபட்டவனுக்கு இதுல என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்குள் முழுச் சட்டமும் அடங்கியிருக்கிறது என்பதை அடுத்த ஒன்றரை ஆண்டில் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். வண்டி விற்கப்போகும் யாராவது இதைப் படித்து, நான் செய்ததைச் செய்யாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவு வண்டி கைமாறுவதைப் பற்றிப் பேசுகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். அதன் படி ஒன்றை வாங்கியவருக்கும் அனுப்பவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பங்குக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றிதழில் தம் பெயரை ஏற்றிக்கொள்ளவேண்டும். விற்றவர் தெரிவிப்பதற்கான தாள் படிவம் 29. வாங்கியவர் விண்ணப்பிப்பதற்கான தாள் படிவம் 30. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 55-ஆம் விதி, விற்றவர் தரும் அறிவிப்பு இரு தரப்பாரும் வசிக்கும் பகுதிகளின் அலுவலகங்களுக்குப் போகவேண்டும் என்கிறது. ஆக, படிவம் 29 என்பது நான் அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம். "இன்ன தேதியில், இன்ன எஞ்சின் எண், இன்ன சேசிஸ் எண் கொண்ட என் வண்டியை இன்னாருக்கு விற்று ஒப்படைத்துவிட்டேன்" என்று நான் சொல்லவேண்டிய செய்தி அது. அந்தக் கடிதத்தைத் தேதியும் பெயரும் இல்லாமல் கையெழுத்திட்டு, அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எந்த அக்கறையும் இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அது எந்த அலுவலகத்துக்கும் போய்ச் சேரவில்லை.

ஏன் போகவில்லை என்பதும் பிறகு விளங்கியது. பழைய வண்டிச் சந்தையில் "சிங்கிள் ஓனர்" என்ற சொல்லுக்கு விலை உண்டு. கடைக்காரர் தம் பெயருக்கு மாற்றினால் வண்டி இரண்டாவது ஓனருக்குப் போய்விடும், அவரிடம் வாங்குபவர் மூன்றாவது ஓனர் ஆகிவிடுவார், விலை இறங்கிவிடும். வெற்றுப் படிவங்கள் கையில் இருக்கும்வரை வண்டி எத்தனை கை மாறினாலும் ஆவணத்தில் ஒரே ஓனர்தான். கடைசியில் எவர் பெயரை மாற்ற நினைக்கிறாரோ அவர் தம் பெயரையும் அன்றைய தேதியையும் நிரப்பிக்கொள்ளலாம். நான் விற்றதற்கும் விபத்துக்கும் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் என் ஸ்கூட்டர் மூன்று கை மாறியிருந்தது. மூவரில் ஒருவர்கூடப் பெயர் மாற்றவில்லை. இத்தனைக்கும் இரு சக்கர வாகனத்தின் உரிமை மாற்றத்துக்கு மத்திய விதிகள் வைத்திருக்கும் கட்டணம் 150 ரூபாய்தான். காருக்கு 300 ரூபாய்.

இந்த வெற்றுப் படிவ வழக்கத்தை ஒழிப்பதற்காகவே 2022 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் பதிவு அலுவலகத்திடம் அங்கீகாரச் சான்றிதழ் பெறவேண்டும். அப்படிப்பட்ட கடையிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, விற்பவரும் கடைக்காரரும் சேர்ந்து படிவம் 29சி-யை, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் வழியாக இணையத்தில் சமர்ப்பிக்கவேண்டும். அதற்கான ஒப்புகை எண் வந்த நிமிடத்திலிருந்து கடைக்காரரே அந்த வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். அதற்குப் பிறகு அந்த வண்டியால் நேர்வனவற்றுக்கு அவரே பொறுப்பாளர். அந்த விதி இரண்டு ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கக் கூடாதா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இன்று கடைக்கு விற்பவர்கள், விலை பேசுவதற்கு முன்பே அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 29சி ஒப்புகை எண் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். "அதெல்லாம் இங்க பழக்கம் இல்ல" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், வேறு கடைக்குப் போவதே நல்லது.

விற்ற பிறகும் நான் எப்படிப் பொறுப்பாளி ஆவேன் என்பதுதான் என்னை முதலில் வாட்டிய கேள்வி. நாம் புழங்கும் நியாயத்தின்படி, பணம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிட்டால் பொருள் வாங்கியவருடையது. சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. கடன், குத்தகை ஆகியவற்றின் கீழ் வண்டியை வைத்திருப்பவருக்கும், உரிமையாளர் சிறுவராக இருந்தால் அவருடைய காப்பாளருக்கும் மட்டுமே அதில் தனி இடம் உண்டு. வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர், பெயர் மாற்றாதவரை, இந்தச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் இல்லை.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் கான்வில்கர், சந்திரசூட் ஆகியோர் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்பு ஒன்றை என் வழக்கறிஞர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஒரு மாருதி கார் 2007-இல் விற்கப்பட்டிருக்கிறது. அது ஒருவர் பின் ஒருவராகப் பல கைகள் மாறி, 2009 மே மாதம் விபத்துக்குள்ளாகி, ஓர் உயிரைப் பறித்திருக்கிறது. பதிவுச் சான்றிதழில் முதலில் விற்றவர் பெயரே நின்றிருந்தது. இழப்பீட்டைக் கடைசியாக வாங்கியவர்தான் தரவேண்டும் என்று பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. பதிவு செய்யப்படாத விற்பனைகளின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கடைசி உரிமையாளர் யார் என்று தேடி அலையும் சுமையை, பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

படித்தபோது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. கோபம் தணிந்தது தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில், முதல் வாய்தா அன்று. பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த பெஞ்சின் மறுமுனையில் அந்தக் கொத்தனார் உட்கார்ந்திருந்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். காலை மடக்க முடியாததால், நடந்துபோகிறவர்கள் தடுக்கிவிடாதபடி, அவருடைய மனைவி அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சாரத்தின்மேல் ஏறி நின்று வேலை செய்கிற மனிதருக்கு அந்தக் கால் என்ன என்பதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் வண்டி ஓனருங்களா?" என்று கேட்டார். குரலில் பகை இல்லை. "வித்துட்டேங்க ஐயா" என்றேன். "எனக்கு நம்பர் மட்டுந்தாம்மா தெரியும். டீக்கடைப் பையன் நம்பரைப் பாத்துச் சொன்னான்" என்றார்.

நம்பர் பிளேட் எதற்காக இருக்கிறது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். அடிபட்டு விழுந்தவருக்கு ஓட்டியவரின் பெயர் தெரியாது. அவர் யாரிடம் வாங்கினார், அதற்கு முன் யாரிடம் இருந்தது என்பதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. ஓடி மறையும் வண்டியின் பின்னால் இருக்கும் அந்தப் பத்து எழுத்துகளும் எண்களுமே அவருக்குக் கிடைக்கும் ஒரே முகவரி. அந்த எண்ணும் தெரியாமல் போயிருந்தால் அவருடைய விபத்து, மோதிவிட்டு ஓடிய அடையாளம் தெரியாத வண்டியின் கணக்கில் சேர்ந்திருக்கும். 2022 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட விபத்துகளில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்பதுதான் அரசுத் திட்டம் தரும் தொகை. எண் தெரிந்தும், அந்த எண்ணுக்குரிய பெயர் "நான் விற்றுவிட்டேன்" என்று கைகழுவ முடியும் என்றால், பதிவேடு என்ற ஒன்று இருந்தும் பயனில்லை. சட்டம் என் மீது விழுந்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. எனக்காக வருத்தப்பட்டதைவிட, என் பெயரை அந்த எண்ணோடு கட்டிவிட்டு அலட்சியமாக நடந்துவந்ததற்காகவே அதிகம் வருந்தினேன்.

நியூயார்க்கில் இருக்கும் என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, அங்கே இப்படி நேர இடமில்லை என்றாள். அங்கே விற்பவர் தம் நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வண்டியைக் கொடுக்கவேண்டும். பிளேட்டை மோட்டார் வாகனத் துறையிடம் திருப்பிக் கொடுத்த பிறகே காப்பீட்டை நிறுத்தலாம். அதே நாட்டில் கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் வண்டியோடு போய்விடுகிறது. அதனால் விற்றவர் 5 நாட்களுக்குள் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைத் துறைக்கு அனுப்பவேண்டும். நம் ஊர் முறை இரண்டாவதைச் சேர்ந்தது. எண் வண்டியோடு பிறந்து வண்டியோடு போகிறது. விற்கும்போது பிளேட்டைக் கழற்றிவைத்துக்கொள்வது இங்கே பாதுகாப்பு ஆகாது. வாங்கியவரைப் பிளேட் இல்லாத வண்டி ஓட்டிய குற்றத்துக்கு ஆளாக்குவதுதான் மிச்சம். எண்ணை நம்மிடமிருந்து பிரிக்க முடியாத இடத்தில், எண்ணிலிருந்து நம் பெயரைப் பிரித்துக்கொள்வது ஒன்றே வழி.

என்னைக் காப்பாற்றியது என் முன்யோசனை அல்ல, காப்பீடு. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டுகளுக்கும், புதிய கார்களுக்கு 3 ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கு இழப்பீடு தரும் காப்பீட்டை, சேர்த்தே எடுக்கவேண்டும் என்ற முறை உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது. என் ஸ்கூட்டரை நான் வாங்கியது 2018 டிசம்பரில். வாங்கும்போது தொகை கூடிவிட்டதே என்று முகம் சுளித்த அந்த 5 ஆண்டுக் காப்பீடு, விபத்து நடந்த அன்று உயிரோடு இருந்தது. 157-ஆம் பிரிவின்படி வண்டி கைமாறும்போது காப்பீட்டுச் சான்றிதழும் வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும் என்பதால், "வண்டி விற்கப்பட்டுவிட்டது, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை" என்ற வாதம் மூன்றாம் நபருக்கு எதிராக நிற்காது என்று என் வழக்கறிஞர் விளக்கினார். இந்தக் காப்பு அடிபட்ட மூன்றாம் நபருக்குத்தான். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டை வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பகுதி அவருக்குத் தானாக வந்து சேராது.

அத்தோடு என் பயம் தீரவில்லை. ஓட்டியவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்ததா என்ற கேள்வியைக் காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு எழுப்பியது. உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயங்கள் அனுமதிப்பது உண்டு. உரிமையாளர் என்றால் நான். முன்பின் பார்த்திராத ஓர் இளைஞர் உரிமம் எடுத்திருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு மூன்று மாதங்கள் கழித்தேன். அவருக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டுமே என்றும் வேண்டிக்கொண்டேன். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் அவருடைய காப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் மேல்தான் விழும். நல்லவேளையாக, ஓட்டியவருக்கு 22 வயது. உரிமமும் செல்லுபடியாகும் நிலையில் இருந்தது. 2024-இல் தீர்ப்பாயம் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனமே செலுத்த உத்தரவிட்டது. விற்றது ஓராண்டுக் காப்பீடு மட்டும் இருந்த பழைய வண்டியாக இருந்து, வாங்கியவர்கள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்தத் தொகை முழுவதும் என் சம்பளத்திலிருந்து போயிருக்கும். கொடுத்துவிட்டு, உண்மையில் வாங்கியவர் மீது தனியாக வழக்குப் போட்டு மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். மூன்று கை மாறிய வண்டியில் யாரைத் தேடிப் பிடிப்பது?

அழைப்பாணை வந்தால் "நமக்குச் சம்பந்தமில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, நாம் இல்லாமலே வழக்கை நடத்திவிடுவார்கள். அதன் பிறகு, விற்றுவிட்டோம் என்றோ காப்பீடு இருந்தது என்றோ சொல்வதற்கு நம் தரப்பில் யாரும் இருக்கமாட்டார்கள்.

விபத்து அளவுக்குப் போகாத தொல்லைகளும் இதே கதவு வழியாகத்தான் வருகின்றன. சிக்னலில் கேமரா எடுக்கும் படம் பிளேட்டைத்தான் பார்க்கிறது. மின்-செலான் பதிவேட்டில் இருக்கும் கைப்பேசிக்கு வருகிறது. வண்டியை ஓட்டிய ஒருவர் மீது குற்றச்சாட்டு எழும்போது, அவருடைய பெயரையும் முகவரியையும் காவல்துறை கேட்டால் சொல்லவேண்டிய கடமையை 133-ஆம் பிரிவு உரிமையாளர் மேல் வைத்திருக்கிறது. கார் என்றால் ஃபாஸ்டேக் வேறு. என்னோடு பணிபுரியும் ஒருவர் தம் காரை விற்றபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த டேக்கை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து நள்ளிரவில் கப்பலூர் சுங்கச்சாவடியில் பணம் பிடித்ததாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தபோதுதான், தம் பெயரில் இருக்கும் கார் எங்கெல்லாம் போய்வருகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. பணம் சிறியதுதான். தாம் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தம் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி யாரோ ஒருவர் கையில் நெடுஞ்சாலையில் ஓடுகிறது என்ற நினைப்பில் அவர் அன்று விடியும்வரை தூங்கவில்லை.

காயலான் கடைக்குப் போகும் வண்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவின் பழைய மொபெட் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது, எடைக்குப் போட்டால் இரண்டாயிரம் கிடைக்கும் என்று தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். ஆனால் அந்த எண்ணும் பெயரும் பதிவேட்டில் அப்படியே இருக்கும். பிளேட் மட்டும் வேறொரு வண்டியில் ஏறினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். வண்டி அழிக்கப்பட்டாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழை ஒப்படைக்கவேண்டும் என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. 2021 விதிகளின்படி அமைந்த, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கான வைப்புச் சான்றிதழ் கிடைக்கும், பதிவும் நீங்கும். அது முடியாத ஊர்களில் இருப்பவர்கள் குறைந்தது அலுவலகத்தில் பதிவை நீக்க விண்ணப்பித்துவிட்டு, பிளேட்டைக் கழற்றி இரண்டாக வெட்டிவிட்டுத்தான் வண்டியைத் தள்ளவேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான வண்டிகளில் இருக்கும் உயர் பாதுகாப்பு பிளேட்டில் லேசரால் பொறித்த தனி எண்ணும், கழற்றினால் மறுபடி பூட்டமுடியாத பூட்டும் இருப்பதால் அதைத் திருடி மாட்டுவது கடினம். அதற்கு முந்தைய வண்டிகளின் பிளேட், ஸ்க்ரூடிரைவர் இருந்தால் யாருக்கும் சொந்தம்.

வெளிமாநிலத்துக்கு விற்பவர்கள் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். என்.ஓ.சி. என்பது இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்தான். அந்த மாநிலத்தில் பெயர் ஏறும்வரை பழைய பெயரே நிற்கும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஹெச்.பி. கேன்சல் செய்யாமல், அதாவது பதிவிலிருந்து கடன் குறிப்பை நீக்காமல், பெயர் மாறாது. அதனால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவையுங்கள்.

2025-இல் எங்கள் காரை விற்கும் நேரம் வந்தபோது, கடைப் பக்கமே போகவில்லை. வாங்க வந்தவர் புதுக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவியோடும் மாமனாரோடும் வந்து பார்த்தார். விலை முடிவானதும் என் நிபந்தனைகளைச் சொன்னேன். படிவங்கள் இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஓர் இடம்கூட வெறுமையாக இல்லாமல் நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டும். அவருடைய ஆதார் நகலிலும் என் நகலிலும் "இன்ன வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும். விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் செலுத்தி, ஒப்புகை கையில் வந்த பிறகே வண்டி வாசலைத் தாண்டவேண்டும். பணம் வங்கி வழியாக மட்டுமே வரவேண்டும். "தெரிஞ்சவங்க மூலமாத்தானே வந்திருக்கோம், எங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று மாமனார் கேட்டார். அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தேன். கொத்தனாரின் கதையை முழுவதும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு மருமகனைப் பார்த்து, "அவங்க சொல்றபடியே செஞ்சிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

ஒப்படைத்த நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதினோம்: காலை 11.40. அன்று மாலை எங்காவது ஒன்று நடந்தால், அது ஒப்படைப்பதற்கு முன்பா பின்பா என்ற கேள்வி வரும் என்பதை வழக்கறிஞர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முன் பிளேட், பின் பிளேட், ஓடிய தூரம் காட்டும் மீட்டர் மூன்றையும், அவர் வண்டியருகே நிற்கும்படியாகப் படம் எடுத்துக்கொண்டேன். ஃபாஸ்டேக்கை அவர் முன்னிலையிலேயே கைப்பேசியில் மூடிவிட்டு, கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்தேன். நிலுவைச் செலான் எதுவும் இல்லை என்பதை இருவரும் தளத்தில் பார்த்துக்கொண்டோம். காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்பனையைத் தெரிவித்து, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் என் நோ கிளெய்ம் போனஸுக்கான சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். அந்தச் சலுகை காப்பீடு எடுத்தவருக்கு உரியது, வண்டிக்கு உரியது அல்ல. மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது சாவியைப் பெயர் மாறிய பிறகு தருவதாக முன்பே பேசி வைத்திருந்தோம். நாள்தோறும் இரவு உணவுக்குப் பிறகு பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். உரிமையாளர் பெயரின் சில எழுத்துகளை மறைத்து, மீதியை மட்டும் அது காட்டும். பத்து நாட்கள் என் பெயரின் முதல் எழுத்தே நின்றது. பதினோராம் நாள் வேறு ஓர் எழுத்து வந்திருந்தது. அதைத் திரைப்படி எடுத்து, படிவம் 29-இன் படியோடு அதே பழுப்பு உறைக்குள் வைத்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக, சாவியைப் புதுக்கோட்டைக்குக் கூரியரில் அனுப்பினேன்.